அந்த 74 சதவீதம் யாரை எண்ணி வந்தது?

வைகைக்கரை:
நேற்று மருத்துவப் பகுதியில் நெல்லைச்சீமை எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "பார்கின்சன் ஜீன் இருந்தால் 74 சதவீதம் வந்தே தீரும். குணமாக்கும் மருந்தும் கிடையாது. அப்புறம் எதற்கு ஆராய்ச்சிக்காரனுக்கு ரத்தம் கொடுத்து விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும்?" என்கிறார். என் அப்பாவுக்கு இந்தப் பார்கின்சன், கை நடுங்கி உடல் இறுகும் மூளை நோய், வந்து 9 வருடம் ஆகிறது. சித்தப்பாவுக்கு 44 வயதிலேயே வந்தது. மளிகைக் கடைக் கணக்கு நோட்டில் அப்பாவின் எழுத்து வரிக்கு வரி சுருங்கி, எறும்பு ஊர்ந்த மாதிரி ஆனது. அதுவும் இந்த நோயின் அறிகுறி என்று தெரியாமல், கண் மங்குகிறது போல என்று கண்ணாடி மாற்றிக் கொடுத்தோம். இப்போது நானும் தம்பியும் ஏதாவது மரபணு ஆய்வில் குடும்பமாகச் சேர எட்டு மாதமாக அலைகிறோம். அதனால் கேட்கிறேன். அந்த 74 எந்த ஜீனுக்கு? எந்த வயதில்? யாரை எண்ணி வந்தது?

நெல்லைச்சீமை:
அக்கா, அது நானாகச் சொன்னதில்லை. 2008-ல் லான்செட் நியூராலஜி என்ற மருத்துவ இதழில் வந்தது. எல்.ஆர்.ஆர்.கே.2 என்ற ஜீன், அதில் வரும் ஜி2019எஸ் என்ற மாற்றம். 79 வயதில் 74 சதவீதம். கூகுளைத் தொடங்கிய செர்கேய் பிரின் தனக்கு அந்த மாற்றம் இருப்பதாக அதே வருடம்தான் எழுதினார். அவரிடம் கோடி கோடியாக இருக்கிறது, ஆராய்ச்சிக்குக் கொட்டுகிறார். நம்மிடம் என்ன இருக்கிறது?

வைகைக்கரை:
79 வயதில்! நேற்று அந்த இரண்டு வார்த்தையை ஏன் விழுங்கினீர்கள்? அதே கட்டுரையில் 59 வயதில் 28 சதவீதம் என்றும் இருக்கிறதே, அது கண்ணில் படவில்லையா? 2015-ல் அதே மாற்றத்துக்கு, அஷ்கெனாசி யூத (ஐரோப்பிய வழி யூதர்) நோயாளிகளின் உறவினர்களை வைத்துக் கணக்கிட்டபோது 80 வயதில் 26 சதவீதம்தான் வந்தது. நோய் மலிந்த குடும்பங்களாகப் பார்த்து எண்ணினால் எண் ஏறத்தான் செய்யும். அந்த மாற்றம் அதிகம் இருப்பது அஷ்கெனாசி யூதர்களிடமும் வட ஆப்பிரிக்க பெர்பர் மக்களிடமும். இந்தியாவில் அது மிக அரிது. அந்த எண்ணை என் தம்பி தலையில் கட்டாதீர்கள்.

கரிசல்காட்டான்:
26-ஓ 74-ஓ, நம்ம ஊர்ச் சங்கதி வேறு. பார்க்கின் என்ற இன்னொரு பார்கின்சன் ஜீனை 1998-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் பழுது வந்து சேர்ந்தால் நோய், அதுவும் இளம் வயதிலேயே. அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே கட்டினால் வேறென்ன ஆகும்? வைகைக்கரை வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

நெல்லைச்சீமை:
கரிசல் அண்ணே, வாயை அளந்து பேசுங்கள். என் மனைவி என் மாமன் மகள். மூன்று பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள்.

கரிசல்காட்டான்:
உங்கள் வீட்டைச் சொன்னேனா? சர்க்கரை நோய் விவாதத்திலும் இப்படித்தான் ஊர்ப் பேச்சையெல்லாம் உங்கள் மேல் இழுத்துக்கொண்டீர்கள்.

வைகைக்கரை:
என் தாத்தா பாட்டி அத்தை மகன், மாமன் மகள்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? சித்தப்பாவுக்கு வந்தது அந்த வகையா என்று தெரிந்துகொள்ளத்தானே ஆய்வு தேடுகிறேன்! அதைக் குற்றப்பத்திரிகை மாதிரி வாசிக்காதீர்கள். நெல்லைச்சீமை, நீங்கள் நழுவ வேண்டாம். "79 வயதில்" என்பதை ஏன் விட்டீர்கள்?

சோதனைக்குழாய்:
முப்பது வருடம் லேபில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். ரத்தம் கொடுத்து என்ன ஆகும் என்பவர்கள் இத்தாலியின் கோந்தூர்சி ஊரைப் பற்றிப் படியுங்கள். அங்கிருந்து அமெரிக்கா போனவர்களின் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இந்த நோய். 80-களில் நியூ ஜெர்சியில் கோல்பே, டுவாய்சின் என்ற இரண்டு டாக்டர்கள் அந்த வம்சாவளியைத் தேடிப் பிடித்தார்கள். பார்கின்சனுக்குப் பரம்பரை பெரிய காரணமில்லை என்று 1983-ல் இரட்டையர்களை வைத்து எழுதியவர்களில் இந்த டுவாய்சினும் ஒருவர்! அந்தக் குடும்பத்து ரத்தத்திலிருந்துதான் 1997-ல் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதத்தைச் செய்யும் ஜீனில் மாற்றம் தெரிந்தது. அந்த மாற்றமே இல்லாத சாதாரண பார்கின்சன் நோயாளிகளின் மூளையில் படியும் லூயி திரள்களிலும் அதே புரதம் இருப்பதை அந்த வருடமே கண்டார்கள். ஒரு குடும்பம் கை நீட்டியதால் உலகத்துக்கே வழி தெரிந்தது.

நெல்லைச்சீமை:
சரி, அந்தக் குடும்பத்தில் யாருக்காவது குணமானதா?

சோதனைக்குழாய்:
நான் சொன்னது அதுவா?

வைகைக்கரை:
குணமாகவில்லை. அதனால் கொடுத்தது வீணா? எல்.ஆர்.ஆர்.கே.2-ஐ அடக்கும் மருந்துகள் இன்று மனிதர்களிடம் சோதனை வரை வந்திருக்கின்றன என்றால், ரத்தம் கொடுத்த குடும்பங்களால்தான். மாதம் ஒருமுறை அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுப் பாருங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு தனியார் லேபில் விசாரித்தோம். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடும், டாக்டர் யாரும் உட்கார்ந்து விளக்க மாட்டார் என்றார்கள். உங்கள் மாதிரி ஆட்கள் எழுதுகிற 74-ஐ மட்டும் படித்துவிட்டு, இருபது வயதுப் பையன் அந்த ரிப்போர்ட்டைத் தனியாகத் திறந்தால் என்ன ஆவான்?

நெல்லைச்சீமை:
74 அச்சில் வந்த எண். நான் மாற்ற மாட்டேன்.

கரிசல்காட்டான்:
சொந்தத்தில் கட்டாதீர்கள் என்பதை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டீர்கள்.

வைகைக்கரை:
எண்ணை மாற்றச் சொல்லவில்லை. "79 வயதில்" என்று பக்கத்தில் எழுதுங்கள் என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டி அத்தையிடம் உட்கார்ந்து, யார் யாருக்குக் கை நடுங்கியது, எந்த வயதில் என்று வம்சாவளி எழுதப் போகிறேன். திரும்பி வந்ததும் முதலில் உங்கள் பதிவைத்தான் திறந்து பார்ப்பேன்.