காலை ஓட்டமும் நீர்வண்ண ஓவியமும்: ஒரே பொழுதில் இரண்டுக்கும் இடம் உண்டா?

கேள்வி: ஆயர் ஈத்தாம் ஓட்டக்காரி

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பினாங்கில், ஆயர் ஈத்தாமில் வசிக்கிறேன். வயது 41. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். எட்டு ஆண்டுகளாக வாரத்தில் நான்கு நாள் ஓடி வருகிறேன். ஒரு கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் ஆகும் என்பதால் வேகத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஓடிய நாளில் இரவு படுத்தவுடன் தூக்கம் வருகிறது, அதற்காகத்தான் ஓடுகிறேன்.

2020 மார்ச் 18 அன்று கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, வாசலைத் தாண்டி ஓட முடியாமல் போன நாள்களில், மகளுக்கு வாங்கி அவள் தொடாமலே வைத்திருந்த நீர்வண்ணப் பெட்டியை நான் எடுத்தேன். அன்றிலிருந்து அது என்னை விடவில்லை. மரம், பூ, பழைய கடைவீடுகள் ஆகியவற்றை நேரில் பார்த்து வரைவதில்தான் எனக்கு விருப்பம். கைப்பேசியில் படமெடுத்து வந்து வீட்டில் பார்த்து வரைந்தால் மனம் ஒட்டுவதில்லை.

சிக்கல் என்னவென்றால், இரண்டும் என்னிடம் ஒரே காலைப்பொழுதைக் கேட்கின்றன. மாலையில் இடியும் மழையும் வருகின்றன; வராத நாளில் சமையல் இருக்கிறது. காலை 7.50க்கு நான் வண்டியில் ஏறியாக வேண்டும். ஓடி முடித்த கையோடு வரைந்து பார்த்தேன். விரல் நடுங்குகிறது, புருவத்து வியர்வை தாளில் சொட்டுகிறது, பூசிய நீர் காய்வதே இல்லை. போதாக்குறைக்கு, சென்ற மாதம் தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரத்தடியில் பையை வைத்துவிட்டுக் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்த நொடியில், ஒரு குரங்கு வண்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. தின்ன முடியாதென்று தெரிந்ததும் கீழே போட்டது. மஞ்சள் வில்லையில் இரண்டு பல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது.

ஓட்டத்தையும் இப்படியொரு கைவேலையையும் சேர்த்தே நடத்துகிறவர்கள் இங்கே இருந்தால், நீங்கள் இரண்டையும் ஒரே காலையில் வைத்துக்கொள்கிறீர்களா, நாளைப் பிரித்துக் கொடுக்கிறீர்களா என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஐந்தடி

வணக்கம் சகோதரி. நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். வயது 63. இப்போது பாதி ஓட்டம், பாதி நடை. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் முன்னாலிருக்கும் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து பேனாவாலும் நீர்வண்ணத்தாலும் வரைவது வழக்கம்.

ஒரே பொழுது என்கிறீர்கள்; நம் ஊரில் அது உண்மையில் இரண்டு பொழுதுகள். பினாங்கு ஏறத்தாழ 100 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கிறது, ஆனால் நம் கடிகாரம் 120 பாகைக்குரிய நேரத்தைக் காட்டுகிறது. 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளியபோது எனக்கு இருபது வயது. திடீரென்று இருட்டில் எழுந்து இருட்டிலேயே பேருந்துக்கு நிற்க வேண்டியதாயிற்று. அதன் விளைவாக ஆண்டு முழுவதும் இங்கே சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கும் 7.35க்கும் இடையில்தான் உதிக்கிறது. வரைவதற்கு வெளிச்சம் வேண்டும், ஓடுவதற்கு வேண்டியதில்லை. ஆகவே 5.50க்குக் கிளம்பி 6.45க்குள் ஓட்டத்தை முடித்துவிட்டால், வெயில் ஏறாத குளிர்ந்த நேரம் கால்களுக்கும், அதற்குப் பின் வருகிற முதல் வெளிச்சம் கண்ணுக்கும் கிடைக்கும். வார நாளில் உங்களுக்கு மிஞ்சுவது இருபது நிமிடம்தான் என்றாலும் ஒரு பூவுக்கு அது போதும். தெருவிளக்கு இல்லாத பாதையில் மட்டும் இருட்டில் தனியாக ஓட வேண்டாம். நாய்களும் இருக்கின்றன, விளக்குப் போடாத மோட்டார் சைக்கிள்களும் இருக்கின்றன.

கை நடுக்கத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உடல் உழைப்புக்குப் பின் எல்லாருக்கும் அது கொஞ்சம் கூடும், மூச்சு அடங்க அடங்கக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் பேனாவைத் தொடுவதுதான் பிழை. நான் முதலில் பெரிய தூரிகையால் வானத்தையும் நிழலையும் அகலமாகப் பூசிவிடுவேன். அது காய்வதற்குள் கை அடங்கிவிடும். கோடுகளைப் பிறகு போடலாம். வரைந்து முடிக்கும்வரை கோப்பியும் வேண்டாம், அது நடுக்கத்தைக் கூட்டும்.

நீர் காயவில்லை என்பது ஈரக்காற்றின் வேலை. நாம்தான் தண்ணீரைக் குறைக்க வேண்டும்: தூரிகையைத் துணியில் ஒற்றிவிட்டுத் தொடுங்கள். தாள், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளாக இருக்கட்டும். மலிவான தாளின் மேற்பூச்சு இந்தத் தட்பவெப்பத்தில் சீக்கிரம் கெட்டு, வண்ணம் மை உறிஞ்சும் தாளில் விட்டதுபோல் உள்ளே இறங்கிவிடும். வாங்கிய தாளைக் காற்றுப் புகாத உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்தோடு வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாடாங் கோத்தாவில் தொடங்கி, கார்ன்வாலிஸ் கோட்டையைச் சுற்றி, கடலோரச் சாலை வழியே சியூ படகுத்துறைவரை போய், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தெரு வழியாகத் திரும்பிப் பாருங்கள். 1818இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணைத் தேவி கோயில், குயின் வீதியில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், பள்ளிவாசல் ஆகிய எல்லாமே சில நிமிட நடைத் தொலைவுக்குள் இருக்கின்றன. மாரியம்மன் கோபுரத்தின் சிற்பங்களை எண்ணி வரைய முயன்று நான் மூன்று முறை தோற்றிருக்கிறேன். நீங்கள் மேல்விளிம்பின் வடிவத்தை மட்டும் எடுங்கள்.

குரங்கைப் பற்றி: நெகிழிப் பையின் சரசரப்பு அவற்றுக்குச் சாப்பாட்டு மணி. துணிப்பையை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள்.

பதில் 2: கண்ட சாபு

அக்கா, வணக்கம். நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். மிருதங்கம் வாசிக்கிறேன். தித்திவங்சா ஏரியைச் சுற்றி ஓடுவேன். வேலை முடிந்து நகரத்திலேயே இருந்தால் கே.எல்.சி.சி. பூங்காவின் 1.3 கிலோமீட்டர் ரப்பர் தடத்தில் நாலைந்து சுற்று ஓடிவிட்டு ரயில் ஏறுவேன்.

என் அனுபவத்தில் சில கைவேலைகள் ஓட்டத்தோடு ஒரே காலையில் சேரவே சேரா. வெயிலில் பத்துக் கிலோமீட்டர் ஓடியபின் என் விரல்கள் மோதிரம் கழற்ற முடியாத அளவுக்கு உப்பிவிடும். அந்த விரலால் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் ஓரத்தில் அடித்தால் நாதம் தெளிவாக வராது. மிருதங்கமும் நம்மைப்போலத்தான், மழை நாளில் தோல் தொய்ந்து சுருதி இறங்கியிருக்கும், தொப்பி எனும் இடப்பக்கத்தில் ரவை பூசி, வாரைத் தட்டிச் சரிசெய்வதற்கே கால் மணி நேரம் போய்விடும். எனவே ஓட்டம் காலையில், சாதகம் (வாசிப்புப் பயிற்சி) இரவு 9 மணிக்கு என்று பிரித்துவிட்டேன். பக்கத்து வீட்டுச் சீன அம்மா 10 மணிவரை பொறுத்துக்கொள்கிறார்.

ஆனால் கருவி இல்லாமல் சாதகத்தின் ஒரு பகுதியை ஓட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடிகிறது. மிருதங்க அடிகளை வாயால் சொல்லும் சொற்கட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடுகிறேன். தடையில்லாமல் சொல்ல முடிந்தால் அது இலேசான ஓட்டம். எழுத்துக்கு எழுத்து மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். கொஞ்சம் வேகமாக ஓடும் நாளில் சொற்கட்டை மனத்துக்குள் வைத்துக்கொண்டு மூச்சைக் கண்டத்தில், அதாவது ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில், விடுகிறேன்: ‘தகிட’ என்னும் மூன்று அடிக்கு இழுத்து, ‘தக’ என்னும் இரண்டு அடிக்கு வெளியே விடுவேன். மொத்தம் ஐந்து, ஒற்றைப்படை. அதனால் ஒரு சுற்றில் இடது காலில் தொடங்கிய மூச்சு அடுத்த சுற்றில் வலது காலில் தொடங்கும். இரண்டுக்கு இரண்டு என்று விட்டால் காலம் முழுவதும் ஒரே காலில்தான் விழும். இதனால் வேகம் கூடியதா என்றால் இல்லை, ஆனால் கண்டம் இப்போது கையிலும் தடுமாறுவதில்லை.

நீங்களும் ஓடும்போது கண்ணால் வரைந்து பார்க்கலாம் அக்கா. எந்த நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒரு மரத்தை மட்டும் மனத்தில் எடுத்து வந்து, வீட்டில் போய் ஐந்து கோட்டில் போட்டுப் பாருங்கள். கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரைவதுபோல் அது இருக்காது.

பதில் 3: புக்கிட் மெர்தாஜாம் ஊசி

தங்கை, நான் சற்று மாறுபடுகிறேன். நனைந்த உடையோடு இருபது நிமிடம் ஐந்தடியில் உட்காருவது ஐயாவுக்குச் சரி, அவர் ஓய்வில் இருக்கிறார். மணி பார்த்துக்கொண்டே ஓடி, மணி பார்த்துக்கொண்டே வரைந்து, அப்புறம் மணி பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனால் அதில் பொழுதுபோக்கு எங்கே இருக்கிறது?

நான் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிறவள். திங்கள், புதன், வெள்ளி ஓட்டம். மற்ற நாள்களில் துணியை இழுத்துக் கட்டிய தையல் சட்டத்தின் முன்னால். ஓடாத நாளில் ஓடவில்லையே என்ற குறையும் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: குனிந்தே உட்கார்ந்து வேலை செய்தால் இடுப்பும் தொடையின் பின்பக்கமும் இறுகி, மறுநாள் ஓடும்போது பிடித்துக்கொள்ளும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வந்து உட்காருங்கள்.

2019 செப்டம்பரில் புகைமூட்டம் சூழ்ந்து காற்றுத் தரக் குறியீடு நூறைத் தாண்டியபோது ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு முழுச் சேலைக்கு முந்தானை முடித்தேன். அந்த நாள்களில் ஊசி இல்லாமல் இருந்திருந்தால் வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்திருப்பேன்.

கேட்டவரின் மறுமொழி: ஆயர் ஈத்தாம் ஓட்டக்காரி

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

ஐந்தடி ஐயா சொன்னபடி 5.50க்குக் கிளம்பினேன். முதல் வாரம் நான்கு நாளும் ஓட்டத்துக்குப் பிறகு வரைய முயன்று, அக்கா எச்சரித்ததைப் போலவே வியாழக்கிழமைக்குள் சலித்துவிட்டேன். ஒரு நாள் தொழிற்சாலைக்குத் தாமதமாகவும் போனேன். இரண்டாம் வாரம் செவ்வாயும் சனியும் மட்டும் பெட்டியை எடுத்துச் சென்றேன், அது தாங்குகிறது. மற்ற இரண்டு நாளும் தம்பி சொன்னபடி ஒரு மரத்தை மனத்தில் எடுத்து வருகிறேன். மழைமரத்தின் கிளைகள் நான் நினைத்திருந்ததைவிடத் தாழ்வாகப் பிரிகின்றன என்பதை இத்தனை ஆண்டுகள் அதன் கீழேயே ஓடியும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை நாகலிங்கப் பூவை வரைந்தேன். கிளையில் பூக்காமல் அடிமரத்திலிருந்தே தொங்குகிற பூ என்பதால் கண்ணுக்கு நேராக நின்று பார்க்க முடிந்தது. பெரிய தூரிகையால் முதலில் இதழ்களின் இளஞ்சிவப்பைப் பூசிவிட்டுக் காத்திருந்தேன். நாகம் படம் எடுத்ததுபோல் கவிந்திருக்கும் அந்த மகரந்தக் கற்றையை வரையத் தொடங்கியபோது கை நடுங்கவில்லை. ஆனால் உட்கார்ந்த இடத்தில் எறும்புப் புற்று இருந்தது, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

ஆண்டிறுதியில் பினாங்குப் பாலத்தில் அரை மராத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். வரும் ஞாயிறு 14 கிலோமீட்டர் ஓட வேண்டியிருப்பதால், அன்றைக்குப் பெட்டி வீட்டிலேயே இருக்கும்.

ஐந்தடி

வீட்டில் வைக்கும்போது மூடியைத் திறந்தே வையுங்கள் சகோதரி. ஈரத்தோடு மூடினால் நம் ஊரில் வண்ண வில்லைகளில் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும், அந்தப் பல் தடம் உள்ள மஞ்சளில்தான் முதலில் பிடிக்கும்.