பழைய 22 அளவுக் கைத்துவக்கு ஒன்று, சேகரிப்புக்கு வாங்கலாமா?

கேள்வி (கல்லடியிலிருந்து)
நாணயம், விளக்கு, வானொலி என்று பதினைந்து வருடமாகப் பழஞ்சாமான் சேர்க்கிறேன். போன கிழமை பெற்றோமாக்ஸ் ஒன்று பார்க்க அக்கரைப்பற்றுக்குப் போனேன். வீட்டுக்காரக் காக்கா ஒரு தேக்குப் பெட்டியையும் திறந்து காட்டினார். உள்ளே பச்சைத் துணியில் ஒரு சின்னக் கைத்துவக்கு! ஒற்றை ரவை போடுவது, எண்கோணக் குழல். முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ.எல்.ஜி என்ற எழுத்து, மேலே ஒரு கிரீடம். குழலில் 22 ரவை (0.22 அங்குல அளவுச் சின்ன ரவை) சரியாக உட்காருமாம். "வாப்பாட பேர்ல லைசன் இருந்த. நூறு வருசப் பழசு, இதுக்கெல்லாம் இப்ப லைசன் வேணாம்" என்கிறார். உண்மையா? விசையை இழுத்தால் சுத்தியல் நன்றாக விழுகிறது, நாலைந்து தரம் தட்டிப் பார்த்தேன்.

பதில் (மட்டக்களப்பு நகரம்)
தம்பி, முதலில் அந்தத் தட்டுவதை நிறுத்துங்கள். 22 ரவையில் தீ மூட்டும் கலவை அடித்தட்டின் நடுவில் இல்லை, விளிம்புக்குள் இருக்கிறது. ஊசி விளிம்பைத்தான் நசுக்கும். ரவை இல்லாமல் தட்டினால் ஊசி போய் ரவை உட்காரும் அறையின் வாய் ஓரத்தில் அடித்துப் பள்ளம் போடும். அதைவிட, உள்ளே ரவை இல்லை என்று கண்ணால் பார்த்தீர்களா, காக்கா சொன்னதை நம்பினீர்களா?

அந்த ஈ.எல்.ஜி முத்திரை பெல்ஜியத்து லீயெஜ் நகரத் துவக்குச் சோதனைச்சாலையுடையது. கிரீடம் 1893இல்தான் சேர்ந்தது, ஆகவே அதற்கு முந்தியதல்ல. பாரிஸ்காரர் ஃப்ளோபேர் 1845இல் இந்த விளிம்பு ரவையைக் கொண்டுவந்த பிறகு, வீட்டுக்குள் குறி பழக என்றே இப்படிப் பிஸ்டல்கள் ஏராளம் வந்தன. அழகான சாமான்தான், மறுக்கவில்லை.

பதில் (கல்முனை)
"பழசுக்கு லைசன் வேண்டாம்" என்ற கதை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே 1898ஆம் ஆண்டோ அதற்கு முந்தியோ செய்ததைத் தொல்பொருளாகக் கணக்கெடுப்பார்கள். அது அவர்களுடைய சட்டம். நமக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். வாப்பாவின் லைசன் வாப்பாவுக்குத்தான், அவர் மௌத்தானதோடு மகனுக்கு வந்துவிடாது. அந்த லைசனையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கடைசியாக எந்த வருடம் புதுப்பித்தது என்று காக்காவிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

இன்னொன்று. ரவை கிடைக்காத பழைய துவக்கு என்றால் சுவரில் தொங்கும் அலங்காரம் என்றாவது வாதாடலாம். இது 22! உலகத்தில் இன்றும் கோடிக்கணக்கில் செய்யும் ரவை. சேகரிப்பாளனுக்கு அதுதான் கவர்ச்சி, பொலிசுக்கும் அதுதான் பிரச்சினை.

கேட்டவர்
சரி, முறைப்படி லைசன் எடுத்து வாங்கினால்?

பதில் (கல்முனை)
கைத்துவக்கு என்றால் பாதுகாப்பு அமைச்சு வரைக்கும் போகும் விசயம். தற்பாதுகாப்புக்குக் கொடுத்திருந்த துவக்குகளையே மீளாய்வு செய்ய வேண்டும் என்று 2024இல் திரும்ப ஒப்படைக்கச் சொன்னார்கள். "அழகாக இருக்கிறது" என்று காரணம் எழுதிக் கொடுக்கப் போகிறீர்களா? எதற்கும் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எழுத்தில் கேளுங்கள். பதில் கைக்கு வரும்வரை காசும் கொடுக்காதீர்கள், சாமானையும் தொடாதீர்கள். முக்கியமாக, மோட்டார்சைக்கிள் சீற்றுக்குள் போட்டுக்கொண்டு கல்லடிக்கு வர நினைக்காதீர்கள்.

பதில் (மட்டக்களப்பு நகரம்)
காக்காவை மாட்டிவிடாமல் அவருக்கே ஒரு வழி சொல்லிக் கொடுங்கள். ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, அவர் மூலமாகவே பொலிசில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். தகப்பனின் பழைய லைசன் தாள் இருந்தால் அதையும் கொண்டுபோகட்டும்.

கேட்டவர்
நேற்றுப் போய்ப் பேசினேன். முதலில் கோபப்பட்டார், பிறகு அவருடைய மச்சானே ஒரு சட்டத்தரணி என்று நினைவு வந்தது. பெற்றோமாக்ஸை வாங்கிவிட்டேன். பெட்டியை மட்டும் தருவதாகச் சொல்கிறார். வெறும் பெட்டிக்கு லைசன் கேட்க மாட்டார்களே?

பதில் (மட்டக்களப்பு நகரம்)
பெட்டிக்கு ஒன்றுமில்லை. ஆனால் கொண்டுவர முன் பச்சைத் துணியைக் கிளப்பி அடியில் பாருங்கள்.

கேட்டவர்
பார்த்தோம். மூன்று ரவை கிடந்தன, பித்தளை பச்சை பிடித்துப் போய். காக்காவுக்கு வியர்த்துவிட்டது. அவற்றைத் தொடாமல் பெட்டியோடு அங்கேயே விட்டு வந்தேன். எல்லாம் ஒன்றாக மச்சானிடம் போகட்டும்.