பஞ்சாபி காலேஜ் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில்: பிரதான், சிட்டா, பர்ச்சாவை எப்படிப் போடுவது?

வெண்ணாறு:
கும்பகோணத்தில் திரையிடப் போகும் பஞ்சாபிப் படம். காலேஜ் எலெக்‌ஷனில் ஜெயிக்கிறவன் அடிதடியில் இறங்கி, கடைசியில் ஊரில் சர்பஞ்ச் ஆகிறான். ஆங்கில சப்டைட்டிலில் பிரதான், பர்ச்சா, சிட்டா, கில்லா எல்லாம் அப்படியே கிடக்கின்றன. ஒருத்தன் பைக்கில் ‘22’ என்று வேறு எழுதியிருக்கு. என்ன செய்ய?

குடமுருட்டி:
பிரதான் இங்கே மாணவர் சங்கத் தலைவர், அதை ‘பிரசிடெண்ட்’ ஆக்கிவிடாதீங்க. நம்ம பக்கம் பிரசிடெண்ட் என்றால் பஞ்சாயத்துத் தலைவர். சர்பஞ்சுக்கு அந்தச் சொல் வேணும். காலேஜுக்கு ‘சேர்மன்’ போதும்.

சிட்டாவை அப்படியே விட்டால் கூட்டம் பட்டா-சிட்டா என்று நினைக்கும். அது ஹெராயின், சொல்லுக்கு நேர்ப்பொருள் வெள்ளை.

பர்ச்சாவில்தான் வழுக்கும். பரீட்சைத் தாளும் பர்ச்சா, எஃப்ஐஆரும் பர்ச்சா. கூடவே ‘307’ வந்தால் கொலை முயற்சி கேஸ். எண்ணை மட்டும் போட்டால் யாருக்கும் புரியாது, 2024 ஜூலை முதல் அந்தப் பிரிவே 109 ஆகிவிட்டது.

கில்லா ஒரு ஏக்கர். ‘20 கில்லா’ என்றால் நம்ம பக்கத்துப் பழைய நில அளவில் கணக்காக மூணு வேலி. வேலி என்றே போடுங்க, ஆளோட வசதி ஒரே சொல்லில் தெரியும்.

அரசலாறு:
வேலி வேண்டாங்க. இப்போ காலேஜ் படிக்கிற பிள்ளைகளுக்கு ‘மா’ என்ற நில அளவும் தெரியாது, வேலியும் தெரியாது. ஏக்கரே இருக்கட்டும்.

‘22’ பஞ்சாபியில் ‘பாஈ’. அண்ணன் என்பதற்கும் அதே உச்சரிப்பு, அதனால்தான் வண்டியில் எண்ணாக எழுதுறாங்க. வசனத்தில் வந்தால் ‘அண்ணே’. ‘பாய்’ என்று எழுதினால் நம்ம ஊரில் முஸ்லிம் பெரியவர் என்று எடுத்துக்குவாங்க.

கதை எந்தக் கேம்பஸில் நடக்குது என்று பாருங்க. பஞ்சாப் மாநிலக் கல்லூரிகளில் 1984 முதல் மாணவர் தேர்தலுக்குத் தடை. சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகம் யூனியன் பிரதேசத்தில் இருப்பதால் அங்கே தேர்தல் உண்டு. பாட்டியாலாவில் இருப்பது பஞ்சாபி பல்கலைக்கழகம், அது வேறு. மாணவர் தேர்தலுக்கான 2006 லிங்டோ கமிட்டி விதிப்படி வேட்பாளர் செலவு ரூ.5,000 தான், அச்சடித்த போஸ்டரும் கூடாது. ஹீரோ பின்னால் இருபது கார் போகிற காட்சியின் கனம் இது தெரிந்தால்தான் ஏறும். தொடக்கத்தில் ஒரு வரி போடுங்க.

அங்கே சோபு, பூசு என்று நிஜமாகவே இரண்டு மாணவர் அமைப்புகள் உண்டு. அடுத்தடுத்து வந்தால் சோப்புப் பூசின கதைதான். ‘நம்ம கட்சி’, ‘அவங்க கட்சி’ என்று மாற்றிடுங்க.

வெண்ணாறு:
சோதனையில் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வருதே?

குடமுருட்டி:
சப்டைட்டில் ஃபைலை ஏஎன்எஸ்ஐ என்கோடிங்கில் சேமிச்சிருப்பீங்க, அதில் தமிழ் எழுத்து நிற்காது. அந்தப் பிரதி போச்சு, மூலத்திலிருந்து யுடிஎஃப்-8 என்கோடிங்கில் திரும்பச் சேமிங்க. கட்டம் கட்டமாக வந்தால் மட்டும் எழுத்துருக் கோளாறு. பிளேயரில் நிர்மலா யூஐ என்ற எழுத்துருவை வைங்க.