சித்திரப் பாடத்துக்கு இணையப் படம் எடுக்கலாமா?

கேள்வி: திருகோணமலையில தரம் 9 பிள்ளைகளுக்கு கோணேசர் கோயில், சுவாமி மலைப் படங்களை இணையத்தில எடுத்து 35 பிரதி அடிச்சுக் குடுக்கலாமா? பிறகு பிள்ளைகள் கீறின சித்திரங்களைப் பாடசாலை முகநூல்ல போடவும் யோசனை.

பதில் 1: வகுப்புக்குள்ள பெரும்பாலும் பிரச்சினை இல்லை, டீச்சர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம், பிரிவு 11, கற்பித்தலுக்கான வகுப்பறைப் பிரதிகளையும் நியாயமான பயன்பாட்டுக்குள்ள (உரிமையாளரைக் கேளாமலே பாவிக்கக்கூடியது) சொல்லுது. ஆனா அது தானாகக் கிடைக்கிற அனுமதி இல்லை: நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தைப் பாதிப்பு நாலையும் பார்ப்பினம். விலைக்கு விக்கிற படத்தை முழுசா எடுத்தா நாலாவதுல இடறும். படத்தின் மூலையில இருக்கிற எடுத்தவர் பெயரை வெட்டாதேங்கோ; பிரதியிலயும் தெளிவா விழவேணும்.

பதில் 2: முகநூல் வேற கதை. படத்தை அப்படியே பார்த்துக் கீறினது தழுவல், அதாவது மூலப் படத்திலிருந்து உண்டான படைப்பு; அதை வெளியில போட மூலப் படக்காரரின் அனுமதி வேணும். கட்டம் போட்டுப் பெருப்பிச்சாலும் அதேதான். அதுக்கு விக்கிமீடியா கொமன்ஸ் (திறந்த உரிமத்தில படங்கள் கிடைக்கிற இணையத்தளம்) படம் எடுங்கோ, உரிமத்தை வாசிச்சு, எடுத்தவர் பெயர், உரிமம், இணைப்பு மூண்டையும் சித்திரத்துக்குக் கீழ எழுதுங்கோ.

பதில் 3: டச்சு வளைகுடாக் கடற்கரையில நிண்டு சுவாமி மலையை நீங்களே போனில எடுத்தா உரிமை உங்களுக்கே. பின்னேர வெயிலில பாறை மடிப்பு நிழலோட விழும், பென்சில் வேலைக்கு அதுதான் வேணும்.