வியாழக்கிழமை நீல மாத்திரை: நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கலாமா?

கடைமடைக்காரன்:
மகள் எட்டாவது படிக்கிறாள். வியாழக்கிழமை என்றால் ஸ்கூலில் இரும்புச்சத்துக்கு ஒரு நீல மாத்திரை. போன வாரம் முதல் பீரியடிலேயே கொடுத்துவிட்டார்கள். பத்து மணிக்கெல்லாம் வாந்தி. போன் வந்ததும் சேற்றுக்காலோடு ஓடினேன். குறுவை நடவு நேரம், ஆறு மணிக்கே வீடு காலி. அவள் குடித்துவிட்டுப் போனது ஒரு டம்ளர் டீ. பெற்றவனைக் கேட்காமல் பிள்ளைக்கு மாத்திரை கொடுக்க இவர்கள் யார்? என் பெண்ணுக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

திருவாரூர் டீச்சர்:
எழுதிக் கொடுங்கள் அண்ணே, உங்கள் உரிமை. ஆனால் நான் பார்ப்பதையும் கேளுங்கள். ப்ரேயரில் கால் மணி நேரம் வெயிலில் நின்றால் என் வகுப்பில் இரண்டு பெண்களாவது உட்கார்ந்துவிடுவார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. மாத்திரையில் இருப்பது 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம். வாரத்துக்கு ஒன்றுதான். இதைப் போய் விஷம் மாதிரி பேசினால் எப்படி?

முருங்கைமரம்:
எங்கள் பாட்டி எந்த நீல மாத்திரை போட்டாள்? கொல்லையில் முருங்கை, பண்டிகைக்கு எள்ளுருண்டை. நாள் முழுக்க நடவு நட்டாள்.

திருவாரூர் டீச்சர்:
உங்கள் பாட்டி காலத்தில் பிரசவத்தில் போனவர்கள் எத்தனை பேர் என்று ஊரில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள் சார். கீரையில் இரும்பு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உடம்பு அதிலிருந்து எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். மாதாமாதம் ரத்தம் போகிற பெண்ணுக்கு, அதுவும் ஏற்கெனவே சோகை பிடித்தவளுக்கு, அது மட்டும் போதாது. சரி, போன வாரம் உங்கள் வீட்டில் எத்தனை நாள் கீரை?

முருங்கைமரம்:
ஒரு நாள். அதற்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?

ரெண்டு பொண்ணு அம்மா:
நான் ஒன்று சொல்கிறேன். பெரியவளின் ஜாமெட்ரி பாக்ஸில் ஸ்கேல் தேடினேன். நாலு நீல மாத்திரை, வேர்த்துப் போய், டிகிரி பார்க்கிற கோணமானியெல்லாம் நீலம். கேட்டால், "முதல் தடவை போட்டப்போ கறுப்பா போச்சும்மா, பயந்துட்டேன்" என்கிறாள். இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போவது சகஜம் என்று கிராம நர்ஸம்மா சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். இதைப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை முன்னாடியே சொன்னால் என்ன டீச்சர்?

கடைமடைக்காரன்:
டீச்சர், இரும்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெறும் வயிற்றில் வேண்டாம் என்கிறேன். காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்ட் 25-இல் தமிழ்நாடு முழுக்க விரித்தது இதோ பக்கத்தில், திருக்குவளையில்தான். என் பையன் மூன்றாவது. ஸ்கூலில் கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறான். அவன் அக்காவோ டீத்தண்ணியோடு டவுன் பஸ்ஸில் தொங்குகிறாள். சாப்பாடு ஐந்தாவதோடு நிற்கிறது, நீல மாத்திரை ஆறாவதில் ஆரம்பிக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

திருவாரூர் டீச்சர்:
இது நியாயம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடு என்பதுதான் வழிமுறையும். காலையிலேயே கொடுத்து ரெஜிஸ்டரை முடித்துவிட்டால் மதியம் தலைவலி இல்லை என்று சில இடங்களில் செய்கிறார்கள். தப்புதான். டீயும் கூடாது, அது இரும்பை உடம்பில் சேரவிடாது. நாங்கள் சத்துணவு முடிந்து வரிசையாக நிற்க வைத்துத் தண்ணீரோடு கொடுக்கிறோம். அதிலும் ஒருத்தி ஓங்கரித்தால் பின்னாலேயே நாலு பேர் ஓங்கரிப்பார்கள், அது வேறு கதை. பதினொன்று, பன்னிரண்டுக்குச் சத்துணவும் கிடையாது, அவர்கள் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கடைமடைக்காரன்:
அப்படியென்றால் எழுதுவதை மாற்றி எழுதுகிறேன். மாத்திரையை நிறுத்த வேண்டாம், ஒன்றரை மணிக்குக் கொடுங்கள் என்று. ஆனால் பெற்றவர்களைக் கேட்க வேண்டும் என்பதில் நான் இறங்கி வரவில்லை.

முருங்கைமரம்:
அப்படியே சத்துணவில் வாரம் இரண்டு நாள் கீரை போடச் சொல்லியும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள் தம்பி.