பல் ஹைஜீன் படிப்புக்கு நம் பிராப்பர்ட்டி டாக்ஸ் எதற்கு?

பாலா_கலிஃபோர்னியா

எல்லோருக்கும் வணக்கம். ஓட்டுரிமை வந்தபின் எனக்கு இதுதான் முதல் தேர்தல். வாக்குச்சீட்டில் எங்கள் பகுதி கம்யூனிட்டி காலேஜுக்கு, அதாவது உள்ளூர் அரசுக் கல்லூரிக்கு, ஒரு பாண்டு (நம் வரியில் அடைக்கும் கடன்) கேட்டிருக்கிறார்கள். பாஸானால் பிராப்பர்ட்டி டாக்ஸில் ஏறும். தபாலில் வந்த நோட்டீஸில் மாஸ்க் போட்ட மாணவி ஒருத்தி யாரோ ஒருவர் வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்க்கிறாள். கீழே, 'டென்டல் ஹைஜீன் கிளினிக் புதுப்பிக்கப்படும்' என்று எழுதியிருக்கிறது. பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட் ஆவதற்கான படிப்பாம்.

பல் டாக்டர்களுக்கு ஆள் வேண்டுமென்றால் அவர்களே செலவழித்துப் பயிற்சி கொடுக்கட்டுமே. நடுவில் நாம் எதற்கு? இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது விளக்கினால் நல்லது.

ரேவதி_ஹைஜீனிஸ்ட்

பாலா, நான் மதுரைப் பக்கம் பி.டி.எஸ். முடித்துவிட்டு இங்கே வந்து ஹைஜீன் படித்தவள். இப்போது ஒரு கம்யூனிட்டி காலேஜ் கிளினிக்கில் பகுதி நேரமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் நான் நடுநிலையான ஆள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் படிப்பில் காசைத் தின்பது நாற்காலியும் எக்ஸ்ரே மெஷினும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நிஜத்தில் வாத்தியார் சம்பளம்தான். அங்கீகாரம் தருகிற கோடா அமைப்பின் விதிப்படி கிளினிக்கில் ஐந்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். வரலாற்று வகுப்பில் நாற்பது பேருக்கு ஒருவர் போதும். எங்களுக்கு இருபது பேர் என்றாலே நான்கு பேர் நிற்க வேண்டும்.

அது ஏன் என்று கிளினிக்கில் ஒரு நாள் நின்று பார்த்தால் புரியும். எக்ஸ்ப்ளோரர் என்று நுனி வளைந்த மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. ஈறுக்குக் கீழே பல்லில் இறுகி ஒட்டியிருக்கும் அழுக்கு, அதாவது காரை, கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கம்பியைப் பல்லோடு மெதுவாக இழுக்கும்போது விரலில் ஒரு சொரசொரப்பு தட்டும், அவ்வளவுதான். மாணவி முடித்ததும் அதே பற்களை நான் திரும்பத் தொட்டுப் பார்த்து, 'கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் இன்னும் இருக்கிறது, மறுபடி பார்' என்பேன். இதை வீடியோ போட்டுச் சொல்லிக்கொடுக்க வழியே இல்லை.

கட்டணமோ, கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர்தான். வரலாறு படித்தாலும் ஹைஜீன் படித்தாலும் அதேதான். மாநிலம் காலேஜுக்குத் தருவதிலும் பெரும்பங்கு தலைக்கணக்குதான். ஆக ஒவ்வொரு ஹைஜீன் மாணவியாலும் காலேஜுக்குக் கைநஷ்டம். ஊரில் ஹைஜீனிஸ்ட் கிடைக்கவில்லை என்று டாக்டர்கள் எவ்வளவு புலம்பினாலும் சீட்டு கூடாததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இதில் நோட்டீஸ் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்த மாதிரி பாண்டுகள் 2000-இல் மாநில மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ப்ராப்போசிஷன் 39 என்ற சட்டத்தின்படி 55 சதவீத ஓட்டில் பாஸாகும். ஆனால் அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், நாற்காலி வாங்கலாம். சம்பளத்துக்கு ஒரு பைசா எடுக்கக் கூடாது. 2020-இல் ஃபுட்ஹில் டி ஆன்சா என்ற கம்யூனிட்டி காலேஜ் மாவட்டத்தில் என்ன நடந்தது? 89.8 கோடி டாலர் பாண்டு பாஸானது. அதே வாக்குச்சீட்டில், மனைக்கு வருடம் 48 டாலர் கேட்ட பார்சல் டாக்ஸ் தோற்றது. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். கட்டடம் கட்டத் தருவோம், ஆள் வைக்கத் தரமாட்டோம்!

முத்து_அண்ணாச்சி

அம்மா சொல்வது சரி. ஆனாலும் பாலா கேட்டது நியாயமான கேள்விதான். ஹைஜீனிஸ்ட் வந்தால் டாக்டருக்கு வருமானம். அந்த டாக்டர் ஏன் பங்கு போடக் கூடாது?

ரேவதி_ஹைஜீனிஸ்ட்

போடட்டும் அண்ணாச்சி, நான் வேண்டாம் என்றா சொல்கிறேன்? பழைய நாற்காலியை நன்கொடை தருகிற டாக்டர்கள் இருக்கிறார்கள். மாதச் சம்பளத்துக்குப் பணம் தருகிறவர் அபூர்வம். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் செலவில் படித்த பெண் பக்கத்துத் தெரு கிளினிக்கில் போய்ச் சேர்ந்தால் என்ன செய்வார்?

இந்தத் தொழில் தொடங்கியதே கனெக்டிகட்டில், பிரிட்ஜ்போர்ட் ஊரில். 1913-இல் டாக்டர் ஆல்ஃபிரெட் ஃபோன்ஸ் முதல் பள்ளியைத் தன் முயற்சியில் ஆரம்பித்தார். ஆனால் அங்கே படித்தவர்களைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிப் பிள்ளைகளின் பல்லைச் சுத்தம் செய்ய வைத்தது ஊர்ப் பணத்தில்தான்.

கவிதா_எச்4

ரேவதி அக்கா, நானும் பி.டி.எஸ்.தான். கணவரின் வேலை விசாவை ஒட்டி வரும் எச்4 விசா. எனக்கும் அந்த 46 டாலர்தானா? மத்திய அரசின் படிப்பு உதவித்தொகை, அந்த பெல் கிராண்ட் கிடைக்குமா?

ரேவதி_ஹைஜீனிஸ்ட்

கவிதா, எச்4-க்கும் கலிஃபோர்னியா ரெசிடென்ட் கட்டணம் உண்டு. ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கேயே இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பெல் கிராண்ட் கிடையாது, அதற்கு கிரீன் கார்டாவது வேண்டும். அனாடமி, மைக்ரோபயாலஜி எல்லாம் பி.டி.எஸ்.ஸில் படித்ததைக் காலேஜ் ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் கவுன்சிலரிடம் கேட்டுக்கொள். சில இடங்களில் மறுபடி எழுத வைப்பார்கள். கருவி கிட்டுக்குத் தனியாகச் சில ஆயிரம் டாலர் எடுத்து வைத்துக்கொள், கட்டணம் குறைவு என்று நம்பி வருகிறவர்கள் அங்கேதான் திகைத்து நிற்பார்கள்.

பாலா_கலிஃபோர்னியா

நன்றி மேடம். பாண்டுக்கு ஓட்டுப் போடலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் சீட்டு கூடுமா என்று யாரிடம் கேட்பது?

ரேவதி_ஹைஜீனிஸ்ட்

காலேஜ் டிரஸ்டிகள் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள், போய் நேராகக் கேளுங்கள். 'கிளினிக் பெரிதானால் ஆசிரியர் பணியிடம் எத்தனை கூடும், எந்தத் தலைப்பில் பணம்?' இது போதும். 'பெர்கின்ஸ் பணம் வருகிறதே' என்பார்கள். அந்த மத்திய அரசு நிதியை ஏற்கெனவே கொடுக்கிற சம்பளத்துக்குப் பதிலாக வைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதையும் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அருகிலுள்ள காலேஜ் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். இன்ஷூரன்ஸ் தேவையில்லை, செலவும் குறைவு. காரை அதிகமாக இருந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் சந்தோஷம், அப்படிப்பட்ட நோயாளிகளுக்குத்தான் தவிக்கிறார்கள். மாத்திரைப் பட்டியலைக் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், ஒரே உட்காரலில் மூன்று மணி நேரம் ஆகும்.