வாளைக்கு உயிர் இரை: கவ்விவிட்டு விட்டுப் போகிறது, என்ன தப்பு?

தறிக்காரன்:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். ஊர் குமாரபாளையம். தறி ஷிப்ட் முடிந்து ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் காவிரிக்குப் போக முடிகிறது. ஒரு மாதமாக வாளை மீனுக்கு உயிர் மீனை இரையாகப் போடுகிறேன். உள்ளங்கை அகல ஜிலேபி மீன், 3/0 அளவு சாதா தூண்டில் முள். முதுகில் நல்ல சதையாகப் பார்த்துக் குத்துகிறேன். நான்கு தடவை கவ்வியது. நான்கு தடவையும் நான் தூண்டிலைச் சுண்டியதும் கயிறு லேசாகிவிட்டது. திரும்பி வந்த ஜிலேபியில் இரண்டு பக்கமும் செதில் இல்லை, யாரோ சுரண்டிக் கொடுத்தது போல இருந்தது. ஒரு தடவை தங்கூசியே நைந்து அறுந்துபோனது. இரையும் பக்கெட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. எதை மாற்றுவது?

பவானி தக்கை:
உயிர் மீனெல்லாம் எதுக்கு நண்பா? கோழிக்குடல் போடு, ராத்திரி பூரா இழுக்கும்.

ஆத்தோரத்தான்:
கோழிக்குடலுக்கு வருவது பெரும்பாலும் கெளுத்தியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும்தான், தக்கை நண்பா. தம்பி கேட்பது வாளை.

தம்பி, பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இரண்டு பக்கமும் செதில் உரிந்தது என்றால் அநேகமாக வாளைதான். அதன் வாய் கண்ணையும் தாண்டிப் பிளக்கும். உள்ளே அரம் மாதிரி பொடிப்பல், பட்டை பட்டையாக. இரையைக் குறுக்கே கவ்விக்கொண்டு கொஞ்ச தூரம் போய், அப்புறம் தலைப்பக்கமாகத் திருப்பித்தான் விழுங்கும். நீங்கள் சுண்டியது குறுக்கே பிடித்திருக்கும் நேரத்தில். அப்போது முள் அதன் வாய்க்குள்ளேயே போயிருக்காது.

என் சித்தப்பா வாளை கவ்வியதும் ஒரு பீடி பற்ற வைப்பார். அது தீரும் வரை யாரும் தூண்டிலில் கை வைக்கக் கூடாது. மீன் தப்பாது, ஆனால் முள் குடல் வரை போயிருக்கும். அறுத்துத்தான் எடுக்க வேண்டும், குஞ்சாக இருந்தாலும் திரும்ப விட முடியாது. அதனால் நான் சர்க்கிள் ஹூக்குக்கு, அதாவது முனை உள்பக்கம் வளைந்த வட்ட முள்ளுக்கு, மாறிவிட்டேன். 6/0 போதும். இதில் சுண்டவே கூடாது. மீன் கயிற்றை எடுத்துக்கொண்டு போகட்டும், கயிறு இறுகியதும் நிதானமாக ரீலைச் சுற்றுங்கள். முள் வாயோரத்துக்கு வந்து தானாக ஏறும். முதல் இரண்டு மாதம் எனக்குக் கை அடங்கவில்லை, சுண்டிச் சுண்டியே மூன்றைத் தொலைத்தேன்.

அடுத்தது குத்தும் இடம். "நல்ல சதையாகப் பார்த்து" என்கிறீர்களே, அதுதான் வினை. முள்முனை இரையின் சதைக்குள் புதைந்திருந்தால், இழுக்கும்போது அது ஜிலேபிக்குள்தான் இன்னும் ஏறும். தோலும் கொஞ்சம் சதையும் மட்டும் பிடிக்க வேண்டும், முனையும் வளைவும் வெளியே தெரிய வேண்டும். நிற்கிற தண்ணீரில் தக்கை கட்டிப் போடுவதென்றால் முதுகுத்துடுப்புக்குக் கீழே, நடுமுள்ளில் படாமல். பட்டால் இரை அங்கேயே படுத்துவிடும். ஓடுகிற தண்ணீரில் ஈயம் கட்டி அடியில் போடுவதென்றால் மேலுதட்டில் மட்டும். அப்போது அது நீரோட்டத்தை எதிர்த்து நின்று நீந்தும். முதுகில் குத்தினால் பம்பரமாகச் சுற்றிக் கயிறும் முறுக்கிக்கொள்ளும்.

எந்த மீன் என்றால், ஓட்டத்துக்கு என் கை முதலில் போவது கெண்டைக்குத்தான், அரைச்சாண் நீளம். பதறிக்கொண்டே இருக்கும். இருட்டில் வாளை கண்ணை நம்பி வருவதில்லை, அந்த அதிர்வுக்குத்தான் வருகிறது. ஜிலேபி கெட்டி உயிர், அதுவும் சரிதான். ஆனால் முதுகுமுள்ளின் நுனிகளைக் கத்தரியால் வெட்டிவிட்டுப் போடுங்கள். குறவை கிடைத்தால் ஈர சாக்கில்கூட உயிரோடு இருக்கும். ஒன்று மட்டும் கவனம். அது மேலே வந்து காற்றை வாங்குகிற மீன். ஈயம் கட்டி அடியில் போட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். இது தெரியாமல் நான் வாய்க்காலில் கஷ்டப்பட்டுப் பிடித்த ஆறு குறவையை ஒரே ராத்திரியில் கொன்றேன். குறவையைத் தக்கைக்கு அடியில், மேலே வந்து போகிற மாதிரி ஒன்றரை அடியில் விடுங்கள்.

அறுந்தது அந்தப் பொடிப்பல் அரைத்துத்தான். முள்ளுக்கு மேலே ஒன்றரை அடிக்கு ஸ்டீல் வயர் போடுங்கள், கயிறு முறுக்காமல் சுழலும் ஸ்விவல் வளையத்தோடு.

பக்கெட்டில் குழாய்த் தண்ணீரா ஊற்றுகிறீர்கள்?

தறிக்காரன்:
ஆமாம் அண்ணா, வீட்டுக் குழாய்தான். பத்து லிட்டர் பக்கெட்டில் பதினைந்து ஜிலேபி.

ஆத்தோரத்தான்:
குளோரினும் கூட்டமும் சேர்ந்து கொல்கிறது. ஆற்றுத் தண்ணீர் மொண்டு ஊற்றுங்கள், ஐந்துக்கு மேல் வேண்டாம். மீன்தொட்டிக்குப் போடும் பேட்டரி பம்ப் ஒன்று வாங்குங்கள். சூடான தண்ணீரில் காற்று கரைவது குறைவு, அதனால் பக்கெட்டை வண்டி இன்ஜின் பக்கம் மாட்டாதீர்கள். மிஞ்சிய ஜிலேபியைப் போகிற வழியில் ஏதாவது குளத்தில் கொட்டிவிடவும் வேண்டாம். ஒரு குளத்தில் ஏறினால் அப்புறம் அது மட்டும்தான் இருக்கும்.

கதவணை ராசு:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஊராட்சிக்கோட்டை, நெரிஞ்சிப்பேட்டை என்று ஆற்றுக்குக் குறுக்கே ஷட்டர் வைத்துக் கட்டிய எந்தக் கதவணையாக இருந்தாலும் ஷட்டருக்குக் கீழே பாறையில் இறங்கி உட்காராதீர்கள். ராத்திரியில் திறந்தால் தண்ணீர் ஏறுவது தெரியவே தெரியாது. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் அணை திறந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

மீசையையும் எண்ணிப் பாருங்கள். வாளைக்கு இரண்டு ஜோடி, முதுகுத்துடுப்பு துளியூண்டு. நான்கு ஜோடி மீசையும் முதுகு நீளத்துக்குத் துடுப்பும் இருந்தால் அது வாளை இல்லை, ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருக்கலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கவே தடை செய்த மீன், அதுதான் என்று உறுதியானால் ஆற்றில் திரும்ப விடாதீர்கள். மழைக்காலத்தில் வயிறு புடைத்த வாளை சிக்கினால் அதை விட்டுவிடுங்கள். முன்பு போல இப்போது இல்லை, அழியும் ஆபத்தில் உள்ள மீன்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

தறிக்காரன்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். முதல் ராத்திரி ஒன்றும் இல்லை. இரண்டாவது ராத்திரி கெண்டை, மேலுதட்டில், 6/0. பதினொன்றரைக்கு ரீல் கத்தியது. சுண்டிவிடுவேனோ என்ற பயத்தில் வலது கையை லுங்கி முடிச்சில் சொருகிக்கொண்டு நின்றேன். கூட வந்த மாமன் மகன் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். மூன்று கிலோ இருக்கும், மீசை இரண்டு ஜோடி, முள் சரியாக வாயோரத்தில். நன்றி அண்ணா.

குறவைதான் இன்னும் கிடைக்கவில்லை. பவானி பக்கம் எந்த வாய்க்காலில் தேடலாம்?